சொடக்கு நடை

பத்தாவது முடித்துப் போகிற பிள்ளைகளுக்குப் பழைய மாணவர்கள் ஒரு நாள் வந்து பாடம் எடுப்பது அந்தப் பார்வையற்றோர் பள்ளியின் வழக்கம். கணக்கும் கன்னடமும் அல்ல, வெளியே போய்ப் பிழைப்பதற்கான பாடம். கேஸ் அடுப்பை எப்படிப் பற்றவைப்பது, பஸ்ஸில் எங்கே பிடித்துக்கொண்டு நிற்பது, உதவுகிறேன் பேர்வழி என்று கையைப் பிடித்து இழுக்கிறவனிடமிருந்து சண்டையில்லாமல் கையை எப்படி விடுவித்துக்கொள்வது, இப்படி. இந்த வருஷம் பள்ளிக்கூரையைப் பிரித்துப் போட்டிருந்ததால் பாகல்கோட்டை ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்திருந்தார்கள். சித்தலிங்கனுக்குக் கொடுத்திருந்த பாடம், தனியாகப் பயணம் போவது.

அதற்கு அவனைவிடத் தகுந்த ஆள் கிடையாது என்று எல்லாரும் நினைத்தார்கள். அந்த இடத்தில் நின்று வாயைத் திறக்கவே தனக்கு யோக்கியதை இல்லை என்று அவனுக்கு மட்டும் தெரியும்.

எல்லாம் சொடக்கு செய்த வேலை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பள்ளியில் வெள்ளைக்கோலைத் தொடாமல், விரலைச் சொடுக்கிக்கொண்டே ஓட்டமாக ஓடியவன் சித்தலிங்கன். சத்தம் திரும்பி வந்தால் எதிரே சுவர். திரும்பாவிட்டால் வழி. நாலு பக்கமும் சுவர் வைத்த பள்ளிக்கூடத்தில் அது ஒரு நாளும் பொய்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கெல்லாம் அவனே சொல்லிக்கொடுத்தான். கோல் தட்டுவது பிச்சைக்காரன் வேலை என்று வாய்க்கொழுப்பில் சொன்னவனும் அவன்தான். அவன் படித்து முடித்து வங்கி வேலைக்குப் போன பிறகும் சொடக்கு அங்கேயே தங்கிவிட்டது. வகுப்புக்கு வகுப்பு கைமாறிக் கைமாறி இன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் அப்படித்தான் நடந்தன.

இரண்டு வருஷத்துக்கு முன்பு அவனும், கூடப் படித்த ஃபக்கீரப்பாவும் ஒரு கல்யாணத்துக்குப் போகையில் ரயில் மாற ஜங்ஷனில் இறங்கினார்கள். இவன் பெஞ்சில் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தான். ஃபக்கீரப்பா குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சொடுக்கியபடியே திரும்பினான். திசை தவறிவிட்டது. "சித்தா, எதிர்ல காலியா இருக்கு, நேரா வரவா?" என்று குரல் கொடுத்தான். "காலின்னா வழிதானே, வாடா" என்றான் இவன். கூட்ஸ் வண்டி ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்த சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது. அடுத்த பிளாட்பாரத்தில் என்று இரண்டு பேருமே நினைத்தார்கள். ஃபக்கீரப்பா நாலு எட்டுதான் வைத்திருப்பான், பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

போலீஸ் கேட்டபோது, டீக்கடையில் இருந்தேன், எதுவும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டான் சித்தலிங்கன். ஃபக்கீரப்பாவின் மனைவி சாந்தவ்வாவிடமும் அதையேதான் சொன்னான். அவளும் அதே வகுப்பில் படித்தவள், பார்வை இல்லாதவள். இவனை அண்ணா என்று கூப்பிடுகிறவள். அன்று மண்டபத்தில் டீ ஊற்றப் பழக்கும் பாடம் அவளுடையது.

காலையில் வந்ததும் ஹெட்மாஸ்டர் அவனைத் தனியே அழைத்துப் போனார். ஃபக்கீரப்பா கதையை இங்கே எடுக்காதே மகராசா, பெற்றவர்கள் பயந்து பிள்ளைகளைக் காலேஜுக்கே அனுப்பமாட்டார்கள் என்றார். அதுவும் நியாயம்தான். அவனும் சரி சார் என்றான்.

ஆனால் நீலவ்வா என்று ஒரு பெண் இருந்தாள். அந்த வருஷத்துப் பிள்ளைகளில் காது கூர்மை அவளுக்குத்தான். சொடுக்கிக்கொண்டு காற்றாய்ப் போவாள் என்று வாத்தியார்களே மெச்சிக்கொண்டார்கள். திங்கட்கிழமை தார்வாட் காலேஜில் சேரக் கிளம்புகிறாள். துணைக்கு ஆள் இல்லை. வண்டி மாறவேண்டியது அதே ஜங்ஷனில்.

அவன் பாடம் அதுபாட்டுக்கு நடந்தது. ஒரு மணி நேரம் கோலைப் பற்றியே பேசினான். எப்படிப் பிடிப்பது, எப்படி வீசுவது, படியின் விளிம்பை எப்படிக் கண்டுபிடிப்பது என்று தொண்டை வற்றச் சொன்னான். பிள்ளைகள் கொட்டாவி விட்டன. கடைசியில் நீலவ்வா எழுந்தாள்.

"அண்ணா, குச்சி தட்டுறது பிச்சைக்காரங்க வேலைன்னு நீங்கதான் சொன்னீங்களாமே? இப்ப வயசாயிடுச்சா?"

ஹால் முழுக்கச் சிரித்தது. நீ கோல் கொண்டுபோகிறாயா இல்லையா என்று கேட்டான். பெட்டிக்குள்ளே மடித்து வைத்திருக்கிறேன், டிக்கெட் பரிசோதகரிடம் காட்டுவதற்கு என்றாள். அதற்கும் சிரிப்பு. சித்தலிங்கனுக்கு அந்தப் பெண்ணை அறைந்துவிடலாம் போல இருந்தது. அறைவதென்றால் முதலில் தன்னையல்லவா அறைந்துகொள்ள வேண்டும்.

மத்தியானம் சோள ரொட்டியும் கத்தரிக்காயும் சாப்பிட்டுக் கைகழுவ எல்லாரையும் மண்டபத்தின் பின்வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது பக்கம் திறந்து கிடந்தது, கம்பி கிடையாது. இடுப்பளவு ஆழத்தில் பாத்திரம் கழுவும் கல் முற்றம். காலையிலேயே அவன் கோல் அந்த விளிம்பைக் கண்டுவைத்திருந்தது. பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒருவரும் விளிம்புப் பக்கம் போகாதபடி சுவரோரமாக வரிசையாக நிற்க வைத்தான். ஹெட்மாஸ்டர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாயால் சொல்லி இதுகள் கேட்கப்போவதில்லை, காதால்தான் கேட்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது.

கோலைச் சுவரில் சாய்த்தான். வராந்தா நடுவில் போய் நின்றுகொண்டு, தான் சொடுக்குவதாகவும் நீலவ்வா கேட்டு வழி சொல்லவேண்டும் என்றும் சொன்னான். சாந்தவ்வா டீத் தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்றாள்.

சொடுக்கினான்.

"எதிர்ல சுவர்" என்றாள் நீலவ்வா.

திரும்பிச் சொடுக்கினான்.

"ஏதோ தடுக்குது. தொட்டி."

இன்னொரு தரம் திரும்பினான். சொடுக்கினான்.

"காலி அண்ணா. வழி இருக்கு. போங்க."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"நல்லாத்தான் கேக்குது. நேராப் போங்க."

போனான். மூன்று எட்டு வைத்தான், நாலாவது கால் தரையைத் தேடிக்கொண்டே கீழே போயிற்று. அண்டா உருண்டது. மனித உடம்பு கல்லில் மோதுகிற சத்தத்தை அந்தப் பிள்ளைகள் முன்பு கேட்டதில்லை. இடது மணிக்கட்டு ஒடிந்தது அவனுக்கே கேட்டது.

நீலவ்வாதான் முதலில் அழுதாள். "நான் போங்கன்னு சொன்னேனே. நான்தானே சொன்னேன்."

"நீ கேட்டதுல தப்பில்லைம்மா" என்றான் கீழே கிடந்தபடி. வலியில் பல் கிட்டிக்கொண்டு வந்தது. "சுவர் இல்லைன்னு சரியாத்தான் சொன்னே. தரை இல்லைங்கறது காதுக்குக் கேக்காது. அது குச்சிக்குத்தான் தெரியும். ஜங்ஷன்லயும் இதேதான் நடந்தது. ஃபக்கீரன் எதிர்ல காலியா இருக்கு, வரவான்னு கேட்டான். வாடான்னு சொன்னவன் நான்."

தூக்குவாளி தரையில் வைக்கப்படும் சத்தம் மேலே கேட்டது.

"டீக்கடையில இருந்தேன்னு சொன்னீங்க" என்றாள் சாந்தவ்வா.

"பெஞ்சுலதான் இருந்தேன்."

"அவரு கேட்டாரா?"

"கேட்டான்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த சொற்களில் ஒன்றுகூட எழும்பவில்லை. சாந்தவ்வா கோலைத் தட்டிக்கொண்டு விளிம்புவரை வந்தாள். தன்னைத் தூக்கிவிடத்தான் வருகிறாள் என்று நினைத்து, ஒடியாத கையை நீட்டினான். அவள் நீலவ்வாவைக் கூப்பிட்டாள். தன் கோலை அந்தப் பெண்ணின் கையில் திணித்து, விரல்களைச் சேர்த்துப் பிடித்து, விளிம்பு முடியும் இடத்தைத் தட்டிக் காட்டினாள். நீலவ்வா விசும்பிக்கொண்டே தட்டினாள். இன்னொரு தரம், இன்னொரு தரம் என்று சாந்தவ்வா அவளை விடவில்லை. பத்துப் பன்னிரண்டு முறை இருக்கும். பிறகு மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வரிசையில் வந்து தட்டினார்கள்.

எல்லாரும் முடித்த பிறகுதான் சாந்தவ்வா கீழே குரலைத் திருப்பினாள். அண்ணா என்று கூப்பிடவில்லை.

"ரெண்டு வருஷமா அந்த மனுஷனைத் தினமும் திட்டிக்கிட்டு இருக்கேன். பக்கத்துல யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுட்டு நடந்திருக்கக்கூடாதான்னு" என்றாள். "கேட்டுட்டுத்தான் நடந்திருக்காரு."