பாரீஸில் வாங்கிய வாய்தா

பொள்ளாச்சியில் பழனிசாமி எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் "எம்பையன் பாரீஸ்ல வக்கீலு" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த அக்டோபரில், அவருடைய பையன் ஸ்ரீஹரி பாரீஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பேல் பகுதியில் ஒரு வக்கீல் அலுவலகத்து ஜெராக்ஸ் மெஷினுக்குள் கையை விட்டுச் சிக்கிய காகிதத்தை உருவிக்கொண்டிருந்தான்.

மனைவி சுஷ்மிதாவுக்கு இங்கே மென்பொருள் கம்பெனியில் வேலை கிடைத்தது. அவள் பின்னால் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவன் அவன். கோயம்புத்தூரில் வாங்கிய பி.எல். பட்டத்தைக் காட்டினால், தாள் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேத்ர் மர்கரீத்துக்கு (இங்கே வக்கீலை மேத்ர் என்றுதான் கூப்பிட வேண்டும்) கட்சிக்காரர்களில் பாதிப் பேர் தமிழர்கள். தமிழ் பேசுகிற குமாஸ்தா ஒருவன் வேண்டும் என்று இவனை எடுத்தார். குமாஸ்தா என்ற சொல்லை அவன் அப்பாவிடமும் சொல்லவில்லை, கண்ணாடியிடமும் சொல்லவில்லை.

அந்தக் கட்சிக்காரர்களில் ஒருத்தி, இலங்கைத் தமிழச்சி சுகிர்தம். அவளுக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் சாறிச் சட்டை, அதாவது ரவிக்கை, தைக்கும் கடை. மேல்மாடிக் குழாய் உடைந்து கடைக் கூரை ஒழுகியது. கட்டடச் சொந்தக்காரர் பார்க்கிறேன், பார்க்கிறேன் என்றே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டார். தீபாவளிக்குத் தைக்கக் கொடுத்த பட்டுத் துணிகள் குவிந்து கிடந்தன. ஆகவே, உடனே குழாயைச் சரிசெய்ய உத்தரவு கேட்டு மேத்ர் அவசர வழக்குப் போட்டிருந்தார்.

விசாரணை நாளில் சுகிர்தத்தை நீதிமன்றத்துக்குக் கூட்டிப் போகும் பொறுப்பு ஸ்ரீஹரிக்கு. மெத்ரோ ரயிலில் அவள் சொன்னாள்: "நீர் பக்கத்திலை நிண்டாப் போதும் தம்பி. எனக்கு ஒரு பயமுமில்லை."

அவன் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டான்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் மேத்ரிடமிருந்து செய்தி வந்தது. வேறொரு நீதிமன்றத்திலிருந்து வருகிறார், ரயில் நின்றுவிட்டது. நீதிமன்ற எழுத்தரிடம் நம் வழக்கைக் கடைசியில் எடுக்கச் சொல், வேறு எதுவும் செய்யாதே.

அதை மட்டும் செய்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கோயம்புத்தூர் ரத்தம் சும்மா இருக்குமா? அங்கே அவனுடைய சீனியர் அடிக்கடி சொல்வார்: "கேஸை ஜெயிக்கிறது கடவுள் கையில. வாய்தா வாங்கறதுதான்டா நம்ம கையில." கடைசியில் எடுக்கச் சொல்லிக் கெஞ்சுவது பொடியன்கள் வேலை. வக்கீல் இல்லாத நேரத்தில் வழக்கையே அடுத்த மாதத்துக்குத் தள்ளிக் காட்டினால், மேத்ர் அசந்துபோய்த் தோளைத் தட்டுவார் என்று மனக்கோட்டை கட்டினான்.

நீதிபதி முன்னால் அவன் வாய் திறக்க அனுமதி இல்லை. கட்சிக்காரர் கேட்கலாம். சுகிர்தத்தின் காதில் ஒரு பிரெஞ்சு வாக்கியத்தை ஓதினான். பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து, கைகூப்பி, சொன்னபடியே கேட்டாள். நீதிபதி ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுக் கட்டடக்காரரின் வக்கீலிடம் திரும்பினார். கேள்வி முடிவதற்குள் அந்த ஆள் சம்மதம் என்றார். பிரெஞ்சுக்காரர்களுக்குத்தான் என்ன பெருந்தன்மை என்று ஸ்ரீஹரி வியந்தான்! மூன்று வாரம் தள்ளிப்போட்டார்கள்.

"என்ன தம்பி, நல்லதோ?" என்றாள் வெளியே வந்ததும்.

"நல்லதுதானுங்க அக்கா. நான் கேட்டு எந்தக் கோர்ட்டும் இல்லைன்னதில்லீங்க."

மேத்ர் மூச்சிரைக்க ஓடிவந்தார். அவன் நிமிர்ந்து நின்று விஷயத்தைச் சொன்னான். அவர் தோளைத் தட்டவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டார்:

"அவசரம் என்று வந்தது யார்?"

"நாம், மேத்ர்."

"தாமதம் யாருக்கு லாபம்?"

அவனுக்கு அப்போதுதான் தீபாவளி ஞாபகம் வந்தது. அவனுடைய சீனியர் ஆயுள் முழுக்க வாடகை கொடுக்காதவர்களுக்காகவே வாதாடியவர் என்பதும் ஞாபகம் வந்தது.

"சுகிர்தத்திடம் நீயே சொல்" என்றார் மேத்ர். "தமிழ் பேசத்தானே உன்னை வைத்திருக்கிறேன்."

ரயில் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது. சுகிர்தம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனால் முடியவில்லை.

"அக்கா, நான்தான் கெடுத்துட்டேன். கொஞ்ச நேரம் காத்திருந்தா இன்னைக்கே வாதாடியிருக்கலாம். இனி தீபாவளி கழிஞ்சுதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தமிழ்ப்பிள்ளை சொல்லுது எண்டுதானே எழும்பி நிண்டு கேட்டனான். என்ரை வாயாலையே கேக்க வைச்சிட்டீரே!"

அவன் வாழ்க்கையில் ஒரு வேலையை இவ்வளவு சுத்தமாக முடித்ததே இல்லை. எதிர்க்கட்சிக்காரன் காசு கொடுத்து ஆள் வைத்திருந்தாலும் இப்படி நடந்திருக்காது.

மறுநாள் வேலை முடிந்து கடைக்குப் போய் நின்றான். மேசையை ஓரமாகத் தள்ளி, துணிகளைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி வைத்திருந்தாள். பொண்டி என்ற புறநகரில் இருக்கிற வீட்டுக்குக் கொண்டுபோய், சமையலறை மேசையில் வைத்துத் தைக்கப் போகிறாளாம். கூரையிலிருந்து சொட்டுகிற இடத்தில் நீல வாளி.

"மூண்டு கிழமைத் தவணை எடுத்துத் தந்தனீரெல்லே?" என்றாள், நிமிர்ந்து பார்க்காமல். "அண்டு வரைக்கும் இந்த வாளி உம்மடை பொறுப்பு."

அன்றிலிருந்து சாயந்திரமானால் அவன் அங்கேதான். சட்டை அளவு கொடுக்க வந்த ஒருத்தி, வாளியோடு போகிறவனைப் பார்த்து, "ஆரக்கா இது?" என்று கேட்டாள்.

"எங்கடை லோயர்" என்றாள் சுகிர்தம், சிரிக்காமல்.

தீபாவளிக்கு முந்தின நாள் அப்பாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் நாலைந்து பேர் குரல். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"என்ன வக்கீல் சார், கோர்ட்டுல இருக்கியா?"

"இல்லீங்கப்பா. நான் வக்கீல் இல்லீங்க. குமாஸ்தா."

அந்தப் பக்கத்துக் குரல்கள் அடங்கின. அப்பா ஸ்பீக்கரை அணைப்பது கேட்டது.

"சரி, குமாஸ்தா வேலையாச்சும் ஒழுங்காப் பாக்கறயா?"

"இப்பத்தான் கத்துக்கறேனுங்கப்பா. அப்புறம் கூப்பிடறேன், வாளி நெரம்பிருச்சு."