தோள் உயரம்

லென்ஸின் முனை அரை மில்லிமீட்டர் ஆடினால் போதும், ஐம்பது மீட்டர் தள்ளி நிற்கிற பறவையின்மேல் அது மூன்று விரற்கடையாக விழும். ஆவடி தொழிற்சாலையின் டூல் ரூமில் முப்பத்திரண்டு வருடமாகக் கேஜ் வைத்து அளந்துவரும் மனோகரனுக்கு இந்தக் கணக்கு மனப்பாடம். கணக்கு தெரிந்துவிட்டால் கை ஆடாமல் நின்றுவிடுமா என்ன? அன்று காலை ஏரிக்கரையில் எடுத்த நாற்பது படங்களையும் கேமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தார். நாற்பதிலும் இலைக்கோழிக்கு இரண்டிரண்டு அலகு.

நடைபாதைக் காவலாளி எத்திராஜ் விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு வந்தான். தினமும் கேட்பதையே கேட்டான்.

"இன்னா சார், அம்மா இன்னும் வர்ல?"

"அடுத்த மாசம்" என்றார் மனோகரன். பல மாதங்களாக அவரும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

மனைவி புஷ்பா பூனாவுக்குப் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. மகள் ரேவதியின் பிரசவத்துக்கு என்று மூன்று மாதக் கணக்கில் போனவள். பிறகு குழந்தைக்குத் தடுப்பூசி, பிறகு ரேவதி வேலைக்குத் திரும்பியது, பிறகு வீட்டோடு வைத்திருந்த ஆயா சொல்லாமல் நின்றுபோனது, பிறகு பல் முளைத்து வயிற்றுப்போக்கு. ஒவ்வொன்றும் நியாயமான காரணம். ஒன்றையும் அவரால் தள்ளிவைக்க முடியவில்லை. குவார்ட்டர்ஸில் தனியாக ரசம் வைக்கப் பழகிக்கொண்டார். வந்துவிடு என்று மட்டும் ஒரு நாளும் சொன்னதில்லை. அவர்கள் வீட்டில் அந்த மாதிரிப் பேச்சுக்கெல்லாம் சேர்த்து "சாப்பிட்டாச்சா" என்று ஒரே ஒரு கேள்விதான் உண்டு.

ஆனால் ரயில் ஏறும்போது புஷ்பா ஒரு கெடு சொல்லியிருந்தாள். "அந்தக் கோழிக்கு வால் முளைக்கிறதுக்குள்ள வந்துர மாட்டனா?"

நீளவால் இலைக்கோழிக்கு வருடம் முழுக்க நீளவால் கிடையாது. குஞ்சு பொரிக்கும் காலம் நெருங்கும்போதுதான் அரிவாள் மாதிரி வளைந்த கறுப்பு வால் முளைக்கும். அந்தக் காலம் முடிந்ததும் உதிர்ந்துவிடும். இந்த வருடம் வால் மே மாதமே முளைத்துவிட்டது. இப்போது செப்டம்பர் கடைசி. அல்லி இலைகளின் மேல் நான்கு குஞ்சுகள் குதித்துக்கொண்டிருந்தன. இன்னும் சில வாரங்களில் வால் விழுந்துவிடும். அதற்குள் ஒரு படம், ஒரே ஒரு படம், துல்லியமாக எடுத்து அனுப்பிவிட்டால், அதைப் பார்த்தாவது அவளுக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்து, மனசு இந்தப் பக்கம் திரும்பாதா என்பதுதான் அவருடைய திட்டம்.

படம் ஆடுவதற்குக் காரணம் வயது மட்டும் இல்லை. லென்ஸ் மட்டுமே இரண்டரைக் கிலோ. நாலு வருடமாக அவர் அதைக் கையில் தாங்கியதே கிடையாது. புஷ்பாவின் வலது தோளில் வைத்துத்தான் எடுப்பார். சர்க்கரைக்காக நடக்க வந்தவள், நடந்து முடித்து, கரையோரம் குட்டையான பச்சை பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்காருவாள். அவர் அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து முழங்காலைக் குத்துக்கால் இட்டு, மடித்த துண்டை அவள் தோளில் போட்டு, அதன்மேல் லென்ஸைச் சாய்ப்பார். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் பறவையும் நாமும் சமமாக இருப்போம். மேலிருந்து எடுத்த படத்தில் பறவை பொம்மை மாதிரி இருக்கும். சமமாக இருந்து எடுத்தால் அது நம்மைப் பார்க்கும்.

"என் தோளு என்ன உங்க லேத்து மிஷினா?" என்று சலித்துக்கொள்வாள். ஆனாலும் மறுநாள் துண்டை அவளே எடுத்துப் பையில் வைத்திருப்பாள். இலைக்கோழியில் பெட்டை முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும், அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பதெல்லாம் ஆண்தான் என்று அவர் ஒருநாள் விளக்கியபோது, "குடுத்து வச்ச மகராசி" என்றாள்.

அவள் போன பிறகு முதலில் முக்காலி ஸ்டாண்டைத்தான் முயன்றார். ஆடாமல் நிற்பதில் அதற்கு ஈடில்லை. மூன்று கால் எந்த மேடுபள்ளத்திலும் நிற்கும், அதனால்தான் உலகத்தில் அடுப்புக்குக்கூட மூன்று கல். ஆனால் அதற்கு இடம் வேண்டும். நடைபாதையோ ஆறடி அகலம். காலைக் கூட்டத்தில் இரண்டு பேர் தடுக்கினார்கள். மூன்றாவது நாள் எத்திராஜ் வந்தான். "மூணு காலு வாணாம் சார். யாராச்சும் தண்ணில வுழுந்தா என் வேல பூடும். அம்மா குந்திகினு இருந்தப்போ ஒரு ரோதனையும் இல்ல." தவிர, ஸ்டாண்டைத் தூக்கி நகர்த்திக் கால் விரிப்பதற்குள் கோழி நாலு இலை தாண்டியிருக்கும்.

அடுத்தது மூட்டை. ஒரு சின்னத் துணிப்பையில் அரிசியை முக்கால் பாகம் நிரப்பித் தைத்தால், லென்ஸ் அதில் தன் வடிவத்துக்குக் குழி பண்ணிக்கொண்டு உட்கார்ந்துவிடும். முழுக்க நிரப்பினால் உருளும், குறைவாக நிரப்பினால் தட்டையாகிவிடும். புஷ்பாவின் பழைய சின்னாளபட்டிச் சேலையில் ஒரு முழம் கிழித்து அவரே தைத்தார். அதைக் கரைக் கம்பியின் மேல் வைத்துப் பார்த்தார். ஆனால் யாராவது ஓடினால் கம்பி முழுக்க அதிர்ந்தது. வீடியோ காலில் மேசைமேல் கிடந்த மூட்டையைப் புஷ்பா பார்த்துவிட்டாள்.

"அது என் சுங்குடிதான? ஏங்க, நான் வந்தா எதைக் கட்டுறது?"

வந்தா என்றாளே. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் மூன்று நாள் ஓட்டினார்.

நான்காம் நாள் அம்பத்தூர் ஓ.டி.யில், பழைய கேமரா வாங்கி விற்கும் வெங்கட்டின் கடைக்குப் போனார். கல்யாண வீடியோ எடுத்து முதுகு போன பிறகு கடை வைத்தவன். லென்ஸைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "இத்த வெச்சிகினு கையாலயா எடுக்கிற? நல்ல ஆளு சார் நீ" என்றான். ஐந்து மோனோபாட்களை எடுத்து சுவரில் சாய்த்தான். எல்லாம் ஒற்றைக்கால் குச்சிகள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள்.

மனோகரன் கேட்ட கேள்விகளில் வெங்கட்டுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. அடுக்கு எத்தனை என்று கேட்டார். அடுக்கு அதிகமானால் மடித்தால் கைப்பைக்குள் அடங்கும், ஆனால் கடைசிக் குழாய் சுண்டுவிரல் கனமாகிவிடும், ஆட்டம் அங்கேதான் பிறக்கும். பூட்டு எப்படி என்று கேட்டார். திருகும் பூட்டில் மணல் புகுந்தால் நறநறக்கும், மடக்கும் பூட்டு சட்டென்று இயங்கும், ஆனால் நாளானால் தளரும், சின்ன ஸ்குரூவை இறுக்கிக்கொள்ள வேண்டும். தாங்கும் எடை என்று பெட்டியில் போட்டிருப்பதில் பாதியைத்தான் நம்ப வேண்டும் என்றான் வெங்கட். கேமராவின் அடியில் மாட்டக் கூடாது, லென்ஸின் நடுவிலுள்ள வளையத்தில்தான் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் மூக்கு கனத்துக் குனியும். மனோகரன் ஒவ்வொரு குச்சியையும் முழுக்க நீட்டி, பூட்டி, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்திப் பார்த்தார். மூன்றாவது குச்சி மட்டும் வழுக்கவில்லை.

"இத்தோட முடியல சார்" என்றான் வெங்கட். "இது ஒத்தக்காலுதான். மீதி ரெண்டு காலு நீதான். நட்டுக்க நிறுத்தாத, லேசா முன்னால சாய்ச்சி உன் வெயிட்ட அதும்மேல குடு. அப்பால மூச்சு. பாதி வுட்டுட்டு நிறுத்திக்கோ. அந்தக் கேப்புல அமுக்கு. மூச்சு உள்ள போவசொல்லோ அமுக்கின, அவ்ளோதான், படம் பூட்ச்சி."

நின்றபடி கண் உயரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி வெங்கட் அனுப்பினான். மனோகரன் வீட்டுக்கு வந்து பால்கனித் தரையில் உட்கார்ந்தார். முழங்காலைக் குத்துக்கால் இட்டார். வாழ்நாளெல்லாம் அளந்தே பழகிய மனிதர் அன்று டேப்பை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேமராவை வழக்கமான இடத்துக்குத் தூக்கினார். அடியில் குழாயை இழுத்தார், தரை தட்டியது, பூட்டினார். கண்ணைத் திறந்து, குழாயில் அந்த இடத்தில் சிவப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினார். தடித்த இரண்டு குழாய்கள் மட்டுமே வெளியே வந்திருந்தன. மெலிந்தவற்றுக்கு வேலையே இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்தால் புஷ்பாவின் தோள் அவ்வளவுதான் உயரம்.

எதிர்ப் பிளாக்கின் தண்ணீர்த் தொட்டியில் எழுதியிருந்த எண்ணைக் குறி வைத்துப் பழகினார். பத்தில் மூன்று தெளிவாக வந்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தியபோது ஏழு ஆனது. மூச்சுக்கு இவ்வளவு கூலியா என்று வியந்தவர், அப்படியே கையை இறக்கினார்.

குச்சிக்கு மூச்சு கிடையாது. தோளுக்கு உண்டு. மூச்சு வாங்கும்போது மனிதத் தோள் ஏறி இறங்கும், அரை மில்லிமீட்டரா, ஐந்து மில்லிமீட்டராவது இருக்கும். அப்படியானால் நாலு வருடம் அந்தத் தோளில் வைத்து எடுத்த படங்கள் எப்படி ஆடாமல் வந்தன? எவ்வளவு யோசித்தாலும் அதற்கு ஒரே விடைதான் வந்தது. அப்படிச் செய் என்று அவர் அவளிடம் சொன்னதும் இல்லை, செய்கிறாயா என்று கேட்டதும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு ஆண் கோழி ஏதோ பருந்து நிழலுக்குப் பயந்து குஞ்சுகளைக் கூப்பிட்டது. நான்கும் ஓடிவந்து அப்பனின் இறக்கைக்குள் புகுந்துகொண்டன. அடியில் குச்சிக் கால்கள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன. மனோகரன் சிவப்பு டேப் வரை இழுத்த குச்சியின்மேல் சாய்ந்தார். பாதி மூச்சை விட்டார். அமுக்கினார்.

அப்படி ஒரு படம் அவர் எடுத்ததே இல்லை. கழுத்தின் பொன்மஞ்சள் பளபளத்தது. வாலின் கடைசி வளைவுவரை தெரிந்தது. கோழியின் கண்ணுக்குள் ஏரிக்கரைப் பனைமரம்கூடப் புள்ளியாக விழுந்திருந்தது. வீட்டுக்குப் போகும்வரை பொறுக்காமல் அங்கேயே போனுக்கு மாற்றி அனுப்பினார்.

கால் மணி நேரத்தில் புஷ்பா கூப்பிட்டாள். மாப்பிள்ளை பெரிய டிவியில் போட்டுக் காட்டினாராம், குழந்தை கையைத் தட்டியதாம். எதில் வைத்து எடுத்தீர்கள் என்று கேட்டாள். மனோகரன் குழாய், பூட்டு, வளையம், சாய்மானம் என்று ஒன்றுவிடாமல் விளக்கினார். மூச்சைப் பற்றிக் கேட்க நினைத்தது அந்த உற்சாகத்தில் விட்டுப்போயிற்று. அவள் முழுக்கக் கேட்டாள்.

"அப்ப என் தோளுக்கு விடுதலைன்னு சொல்லுங்க" என்றாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு, "ரேவதி ஜனவரி வரைக்கும் இருக்கச் சொல்றா. நீங்க ஒத்தையில என்ன பண்ணுவீங்கன்னுதான் பதில் சொல்லாம இருந்தேன். இப்பதான் எல்லாம் நடக்குதே. இருந்துட்டே வரேன்."

"சரி" என்றார் மனோகரன்.

போனைப் பையில் போட்டபோது எத்திராஜ் படத்தைக் காட்டச் சொன்னான். பார்த்துவிட்டு, "செமயா கீது சார்" என்றான். அன்று அவன் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு மறுபடி ஏரிக்குப் போனார். குச்சியை நட்டு, உட்கார்ந்து, லென்ஸ் வழியாகப் பார்த்தார். கோழியின் வாலில் நீண்ட இறகு ஒன்று குறைந்திருந்தது. படம் எடுக்கவில்லை. போனை எடுத்தார். பூனாவில் காலைச் சமையல் நேரம். குக்கர் சத்தத்துக்கு நடுவே புஷ்பா, "என்னங்க, உடம்பு சரியில்லையா?" என்றுதான் ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் அவர் கூப்பிட்டதே இல்லை.

"ஒண்ணு கேக்கணும். நான் படம் எடுக்கறப்ப நீ மூச்சை நிறுத்துவியா?"

"இதுக்கா போன் பண்ணீங்க?"

"சொல்லு."

"பின்ன? உங்க மூச்சு என் பிடரியிலதான அடிக்கும். அமுக்கறப்ப அது தன்னால நின்னுரும், நானும் நிறுத்திக்குவேன். கேமரா டிக்குனு சொன்னதும் விடுவேன். ஒருநாளு அந்த மீன்கொத்திக்கு நீங்க எடுக்கிறீங்க எடுக்கிறீங்க, எனக்குக் கண்ணு இருட்டிருச்சு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா தோள்ல வைக்க மாட்டீங்கள்ல."

தூரத்தில் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. மனோகரன் குச்சியின் சிவப்பு டேப்பை நகத்தால் நெருடினார்.

"நேத்து அனுப்பினது நூத்துப் பதினெட்டுல ஒண்ணு" என்றார். "கோழி நகர நகர மிச்சம் நூத்துப் பதினேழும் ஆடிப்போச்சு. கழிச்ச சாமானை யாருக்கும் காட்டுறது இல்ல, அதான் சொல்லல." டேப்பின் நுனியைத் திரும்ப அழுத்தி ஒட்டினார். "குச்சி நல்ல குச்சிதான். குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஜனவரியெல்லாம் வேண்டாம் புஷ்பா. நீ வந்துரு."

குக்கர் ஒரு விசில் அடித்து அடங்கியது. இணைப்பு போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அப்போதுதான் தானும் மூச்சை நிறுத்தியிருப்பது அவருக்குத் தெரிந்தது.

"அந்தப் பச்சை ஸ்டூல் எங்க கிடக்கு?" என்று கேட்டாள் புஷ்பா.

"பால்கனியில."

"வெயில்லயா? உள்ள எடுத்துப் போடுங்க. விரிஞ்சிரப் போகுது." பிறகு, எப்போதும் போல, "சாப்பிட்டாச்சா?" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பால்கனிக்குப் போனார். பதினோரு மாத வெயிலில் ஸ்டூலின் பச்சை ஒரு பக்கம் வெளுத்திருந்தது. கூடத்துக்குத் தூக்கிவந்து மின்விசிறிக்கு அடியில் வைத்தார். மண்டியிட்டு நான்கு கால்களையும் விரலால் தடவி விரிசல் பார்த்தார். உள்ளங்கையை நடுவில் வைத்து, தன் எடை முழுவதையும் மெதுவாக அதன்மேல் இறக்கினார்.

ஆடவில்லை.