சந்தூக்குக்குக் கீழே

வெனிங் மல்லிகைச் சரங்களை, அப்பாவின் உடலை வைத்திருந்த சந்தூக்கின் மேல் கட்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஜப்பானிய வகுப்புக் கூட்டாளிகள் வந்தார்கள். எல்லாரும் கறுப்பு டீஷர்ட். திவி மட்டும் தன்னுடையதை உள்வெளியாகப் புரட்டிப் போட்டிருந்தாள். 'முதல்ல ஓடிடு, மத்ததை அப்புறம் பாரு' என்று அதில் அச்சடித்திருக்கும். உள்ளூரில் வேலை கிடைக்காமல் வெளிநாட்டுக்குக் கிளம்பத் துடிக்கும் பிள்ளைகள் நாடு முழுக்கப் போனில் ஜபம் மாதிரி இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாவு வீட்டில் அதைக் காட்டிக்கொண்டு நிற்க முடியுமா?

வெள்ளிக்கிழமை வெனிங்குக்கு விமானம். ஒசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. நேற்று சாயங்காலம் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா சர்ஜீதோ அப்படியே உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அம்மாவுக்கு வேறு பிள்ளை கிடையாது.

"வெள்ளிக்கிழமை வர்றல்ல?" அதே விமானத்தில் போகிற திவி காதோரம் கேட்டாள்.

"வர்றேன். அம்மாகிட்ட பேசணும்."

"பேசாம கிளம்பிடுடி. பேசினா மாட்டிப்ப."

பெரியப்பா மர்சூதி மைக்கைத் தட்டிப் பார்த்தார். ஜனாஸா ஊர்வலம் கிளம்புமுன் குடும்பத்தின் சார்பில் நாலு வார்த்தை பேசுவது வழக்கம். மைக் கிடைத்தால் அவர் நாலோடு நிறுத்துகிற ஆளா?

"ஊரான் வீட்டுக் கிழவனுக்குக் கால் கழுவ விமானம் ஏறிப் போற காலமாப் போச்சு," என்று தொண்டையைச் செருமினார். வெனிங் குனிந்து சரத்தில் இன்னொரு முடிச்சுப் போட்டாள்.

"என் தம்பி யாரையாவது நோகடிச்சிருந்தா மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சோம்," என்றது தெரு.

அவர் துஆவுக்குக் கையேந்தினார். எல்லாரும் ஏந்தினார்கள், வெனிங்கும்.

"யா அல்லா, இவன் படுக்கப்போற கபுரை விசாலமாக்கு."

"ஆமீன்."

"இவன் பாவத்தையெல்லாம் மன்னிச்சிடு."

"ஆமீன்."

"இவன் பொண்டாட்டியைத் தனியா விட்டுடாம, மக வெனிங்கைக் கடைசிவரைக்கும் அவ பக்கத்துலயே இருக்க வை."

"ஆமீன்."

வெனிங்கும் சொல்லிவிட்டாள். சின்ன வயதிலிருந்து பழகிய நாக்கு, மனசைக் கேட்டுக்கொண்டா அசையும்? சொன்ன பிறகுதான் எதற்குச் சொன்னோம் என்று உறைத்தது. ஏந்திய திவியின் கை பாதியில் நின்றுபோயிருந்தது. நேற்றிலிருந்து யார் முகத்தையும் பார்க்காத அம்மா, மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். அப்பாடா என்று அம்மாவின் தோள் இறங்கியது. அதற்குப் பிறகுதான் அவளுக்கு அழுகையே வந்தது.

பெரியப்பாவோடு சண்டை போடலாம். இந்த அழுகையோடு எப்படிப் போடுவது? சபையறியச் சொல்லியாயிற்று, அப்பாவை நடுவில் வைத்துக்கொண்டு.

நாலு பேர் சந்தூக்கைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்தார்கள். ஊர் வழக்கப்படி, கடைசி மரியாதையாகப் பெற்ற பிள்ளை மூன்று தடவை அதற்குக் கீழே குனிந்து போக வேண்டும். வெனிங் போனாள், சுற்றி வந்தாள், மறுபடி போனாள். மூன்றாவது தடவை நடுவிலேயே நின்றுவிட்டாள். அங்கே நிழலாக இருந்தது. அவள் முகம் யாருக்கும் தெரியவில்லை.

"பாசம், பாவம்," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"வெளிய வாம்மா, தோள் இறங்குது," என்றார் தூக்கியவர்களில் ஒருவர்.

அந்தப் பக்கம் அம்மா நின்றிருந்தாள். வெனிங் வெளியே வந்ததும் அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஜனாஸா தெருமுனை திரும்பி மறைந்தது.

"ஏழு நாளும் ஓத வந்துடுங்க," அம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொன்னாள். "வெனிங் இருக்கா. அவ பாத்துப்பா."

பிடி இறுகியிருந்தது. வெனிங் கையை இழுத்துக்கொள்ளவில்லை.