பிந்திச் சொன்னவள்

இஸ்திரிக்காரி தன் மாடியறையில் தனியாக நின்று, கிறிஸ்தவர்கள் கோவிலில் சேர்ந்து சொல்லும் விசுவாசப் பிரமாணத்தைச் சொன்னால், கூடவே ஒரு சபையே அதைச் சொல்லும். கீழ்வீட்டுப் பூட்டுக்காரர் முதலில் ரேடியோ என்று நினைத்தார். பிறகு அவர் வீட்டுக் கூரை ஒழுகியது. மேலே ஏறிப் போய்ப் பார்த்தபோது அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, சுவரைப் பார்த்து நின்ற அவள், தரையெல்லாம் ஈரக் கால்தடங்கள். பெரிய பாதம், சின்னப் பாதம், விரல் ஒன்று இல்லாத பாதம், சங்கிலி இழுபட்ட கோட்டோடு ஒரு பாதம். சற்று முன்புதான் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றுக் கரையேறியவர்களுடையவை போல இருந்தன. எண்ணெய் விளக்கு அணைந்த வாசனையும் இருந்தது. அவளிடம் இருந்ததோ ஒரு மின்விளக்கு மட்டும்.

"ஏம்மா, வர்றவங்களைக் காலைத் துடைச்சுட்டு வரச் சொல்லக் கூடாதா?"

"யார்கிட்டண்ணே சொல்றது? என் கண்ணுலயும் படலையே."

"கண்ணுல படாதவங்களுக்கு இவ்வளவு தண்ணியா" என்று முணுமுணுத்துக்கொண்டே அவர் வாளி தேடப் போனார்.

அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டாள். அங்கேயே கொதிகலனைப் பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஒரு குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி முற்றி இறந்தார். பிள்ளைகள் இல்லை. அடக்கத்தன்று குழியருகே எல்லோரும் பிரமாணத்தைச் சொன்னார்கள். சரீரம் உயிர்த்தெழும் என்ற வரி வந்ததும் அவளுக்கு நாக்கு எழவில்லை. பெட்டியின் மேல் மண் விழும் சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அதன்பின் ஞாயிறுதோறும் அந்த இடம் வந்தால் இருமிக்கொண்டாள். கூட்டத்தில் ஒரு வாய் மூடியிருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு ஊருக்குச் சோறு போட்ட ஆலை மூடியது, சனங்கள் பிழைப்புத் தேடிப் போனார்கள், போதகர் மாதம் ஒருமுறை வந்தார், அப்புறம் வரவில்லை. கோவில் கதவுக்குப் பூட்டு மாட்டியவர் கீழ்வீட்டுக்காரர்தான். அன்றிலிருந்து அவள் வேலை முடிந்து வந்து கைகால் கழுவி, சுவரைப் பார்த்து நின்று தானே சொல்லிக்கொண்டாள். தனியாகச் சொல்லும்போதுதான் அந்த விடுபட்ட இடம் எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. பல் விழுந்த குழியை நாக்கு தேடித் தேடித் தொடுவதுபோல, பகலெல்லாம் மனம் அங்கேயே போய் நின்றது.

ஒருமுறை பார்க்க வந்த அக்கா இதைக் கேட்டுவிட்டாள். "அந்த வரியை மட்டும் விட்டுட்டு மிச்சத்தைச் சொல்றியா? சட்டையில ஒரு கையை மட்டும் மாட்டிக்கிட்டுத் தெருவுல நடக்கிற மாதிரி இருக்குடி. ஒண்ணு முழுசாச் சொல்லு, இல்லாட்டி விட்டுத் தொலை."

அக்கா சொன்னது நியாயம் என்று பட்டது. அன்று மாலை கடைசியாக ஒருமுறை சொல்லிவிட்டு அடியோடு நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாள். அந்த வரி வந்தது. அவள் இருமவில்லை, வெறுமனே நின்றாள். வரி சொல்லப்பட்டது. அவள் சொல்லவில்லை. கேட்டறியாத பாஷை, ஆனாலும் அர்த்தம் புரிந்தது. கரகரத்த குரல்கள், கிழக்குரல்கள், மழலைகூட. அவளுக்காக நிறுத்தி, அவளுக்காகவும் சொல்லிவிட்டு, அடுத்த வரிக்குப் போனார்கள்.

ஆகவே அவள் நிறுத்தவில்லை. மாலைதோறும் அந்த வரி வரை தான் சொல்லி, அங்கே அவர்களிடம் விட்டுவிட்டாள். அந்தக் குரல்களுக்குள் கணவரின் குரலைத் தேடினாள். ஒருநாளும் கேட்கவில்லை. தேடுவதை நிறுத்தச் சில வருடங்கள் ஆயின. தேடல் அடங்கிய பிறகுதான் இன்னொரு குரல் காதில் விழுந்தது. அது ஒரு பெண்ணின் குரல். எல்லோரும் அந்த வரியை முடித்த பிறகு, நிறைகுடத்தை இடுப்புக்குத் தூக்குகிறவளைப் போல மூச்சுப்பிடித்து, அவள் மட்டும் பிந்திச் சொல்வாள். மற்றவர்கள் காத்திருந்து மேலே போவார்கள். இவர்கள் எல்லோருமே, கிறிஸ்தவர்களைத் தேடிப்பிடித்துக் கொன்ற அந்தப் பழங்காலத்தில், தங்கள் செத்தவர்களைப் புதைத்த சுரங்கத்துக்குள்ளேயே ஒளிந்து நின்றுதான் இதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று இஸ்திரிக்காரிக்கு அப்போது விளங்கியது. துக்கமில்லாமல் சொல்கிறவர்கள் என்று இத்தனை நாள் அவர்கள்மேல் ஒரு பொறாமை இருந்து வந்தது. அது கரைந்தது. ஆறுதல் வந்ததா என்றால், இல்லை. தனிமைக்கு ஒரு பக்கத்துவீடு கிடைத்தது, அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒரு மாலை, அந்தப் பெண் சொல்லவில்லை.

எல்லோரும் காத்திருந்தார்கள். ஈரக் கால்கள் இடம் மாறும் ஓசைகூட இல்லை. சுவருக்கு அப்பால் எங்கோ ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு அழுவது கேட்டது. இன்று யாரை இழந்தாளோ, யாரைப் பிடித்துக்கொண்டு போனார்களோ. எனக்காகச் சொன்னது போல இவளுக்காகவும் யாராவது சொல்லிவிடுவார்கள் என்று இஸ்திரிக்காரி எதிர்பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அத்தனை பேரும் தன் பக்கமே திரும்பி நிற்கிறார்கள் என்று அவளுக்கு முதுகில் தெரிந்தது.

அவள் அந்த வரியைச் சொன்னாள். குழியருகே விட்டது இத்தனை வருடம் கழித்து, துருப்பிடித்த கீல்போலக் கிறீச்சிட்டு வெளியே வந்தது. நம்பித்தான் சொன்னாளா என்றால் அவளுக்கே தெரியாது. தனக்காக அல்ல, அந்தப் பெண்ணுக்காகச் சொன்னாள். பிறகு சுவரிலிருந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தக் குரல் அதையே மெதுவாகத் திருப்பிச் சொன்னது. சபை நித்திய ஜீவன் என்ற கடைசி வரிக்குப் போய், ஆமென் சொல்லி முடித்தது.

அதன்பின் சில மாலைகளில் இவள் சொன்னாள், சிலவற்றில் அவள். இருவருக்கும் முடியாத நாட்களில் மற்றவர்கள் சொன்னார்கள். பூட்டுக்காரருக்கு வயதாகிக் கீழ்வீட்டை விற்க வேண்டியதாயிற்று. வாங்க வந்தவரிடம் எதையும் மறைக்கவில்லை. கிழக்குப் பார்த்த வாசல், காற்றோட்டம் உண்டு, சாயங்காலமானால் மேலே பழங்காலத்துச் சனம் ஜெபத்துக்கு வரும், கொஞ்சம் ஒழுகும் என்றார்.

"எத்தனை பேர் வருவாங்க?"

"அது கூடிக்கிட்டேதான் போகுது" என்று சொல்லிவிட்டு, சமையலறையைக் காட்ட அழைத்துப்போனார்.