விழுந்த உயரம்

அடிச்செங்கல்லை வெட்டியெடுத்து முட்டுக் கொடுத்திருந்த மரக்கட்டைகள் எரிந்து கரியான பிறகும் மில் சிம்னி கொஞ்ச நேரம் அசையாமல்தான் நின்றது. கேட்டுக்கு வெளியே கூடியிருந்தவர்கள், இது விழாது என்றே பேசத் தொடங்கிவிட்டார்கள். பிறகு உச்சியில் ஒரு சின்ன நடுக்கம். சாய ஆரம்பித்ததும் எங்கேயும் தயங்கவில்லை. கொத்தனார் ஷேக் பரீத் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்த அதே திசையில், வெறும் தரைமேல் நீட்டிப் படுத்தது. ஜனங்கள் விசிலடித்தார்கள். சர்வேயர் தேவதாஸும் சிரித்துக்கொண்டுதான் நின்றான், எழுந்த புழுதிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் அலறல் கேட்கும்வரை.

சிம்னியின் தலை மதில் சுவரை உடைத்து, குறுகிய சந்து ஒன்றைத் தாண்டி, உம்மல் குல்சும் வீட்டுச் சமையற்கட்டுக்குள் போயிருந்தது. உச்சியைச் சுற்றிப் பூட்டியிருந்த இரும்பு வளையம் அடுப்புக்குப் பக்கத்தில் கிடந்தது. அவளுடைய வலது கால் செங்கல் குவியலுக்கு அடியில். முதலில் ஓடிப்போய் வெறுங்கையால் கற்களை வாரி எறிந்தவர் பரீத்தான்.

தேவதாஸும் ஓடினான். பாதி வழியில் எதற்கோ திரும்பிப் பார்த்தான். சிம்னியும் அதை ஒட்டிய தகரக் கொட்டகையும் இதுவரை மறைத்திருந்த இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. குடோனின் பின்சுவருக்கும் சிம்னியின் அடிக்கும் நடுவே நிலக்கரி கொட்டி வைத்த ஒரு பெரிய முற்றம். லாரியே திரும்பலாம் போல அத்தனை அகலம். இருபதடி என்று அவன் கணக்கில் எழுதியிருந்த இடம் அது.

மின்சார மோட்டார்கள் வந்தபின் அந்தச் சிம்னிக்கு வேலையில்லாமல் போயிருந்தது. இடிப்பதற்கு முன் உயரம் தெரிய வேண்டும் என்று போன மாதம் அவனை அழைத்தார்கள். மற்ற பக்கமெல்லாம் பருத்தி வண்டிகள் அடைத்து நின்றதால் குடோனுக்கு முன்னாலிருந்த மைதானத்தில், கோணம் அளக்கும் தியோடலைட் கருவியை நிறுத்தினான். அதன் தொலைநோக்கிக் குழாயை உயர்த்தி, உச்சி வளையத்தை உள்ளே தெரியும் குறுக்குக் கம்பியில் பிடித்தான். கோணம் சுத்தமாக வந்தது. கோணம் மட்டும் போதாது. கருவியிலிருந்து சிம்னியின் அடிவரை தூரமும் வேண்டும். நடுவே குடோன். அப்படித் தூரம் அளக்க முடியாத இடத்தில், கருவியைப் பின்னால் நகர்த்தி இரண்டாவது கோணம் ஒன்று எடுக்க வேண்டும். இரண்டு கோணமும் நகர்ந்த தூரமும் இருந்தால் கணக்கு தானே உயரத்தைச் சொல்லிவிடும். அது அவனுக்குத் தெரியாததல்ல.

ஆனால் அன்று சனிக்கிழமை. அவன் மனைவி ஜெபமணி வால்பாறையில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொள்ளாச்சி பஸ்ஸை விட்டால் மலைக்குப் போகும் கடைசி வண்டியும் போய்விடும். அவள் முகத்தைப் பார்த்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது. குடோன் காவல்காரனிடம், பின்சுவருக்கும் சிம்னிக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று கேட்டான். "ஒரு இருபதடி இருக்குமுங்க" என்றான் அவன். குடோன்வரை அளந்த தூரத்தோடும் குடோனின் நீளத்தோடும் அந்த இருபதை அப்படியே சேர்த்தான். உயரம் நூறடிக்குள் வந்தது. மானேஜர் நரசிம்மலு, "ஏனுங்க தேவதாஸ், சந்துக்கு அந்தப்பக்கத்து ஊடுகளைக் காலி பண்ணச் சொல்லோணுங்களா?" என்று கேட்டபோது, முக்காலியை மடக்கிக்கொண்டே சொன்னான்: "வேண்டியதில்லைங்க. மதில்கிட்டயே நின்னுரும்."

போலீஸ் வந்தபோது மானேஜர் விரலை நீட்டியது பரீத்தின் பக்கம். "அடியில அளவு மீறி வெட்டிப்போட்டான். அதுதான் அத்தனை தூரம் எகிறிப்போச்சு." யாரும் மறுக்கவில்லை. தேவதாஸ் வாயைத் திறந்தான். புழுதியைச் சாக்கிட்டு இருமினான். அவ்வளவுதான்.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரிக்குப் போனான். போகாமல் இருக்க முடியவில்லை. குல்சுமின் புருஷன் அப்துல் மஜீத் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலை அவனுக்குத் தள்ளினார். "உக்காருங்க சார். மில்லுலருந்து நீங்க ஒருத்தராச்சும் வந்தீங்களே." அவள் காலை எடுக்க வேண்டியிருக்குமா என்பது விடிந்தால்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குல்சும் கண்ணைத் திறந்து அவனை அடையாளம் கண்டுகொண்டாள். "எல்லாரும் வெளிய போலாம்னாங்க சார். எங்க வீட்டுக்காரருதான், சர்வேயர் அளந்து சொல்லிட்டாரு, ஒண்ணும் ஆகாதுன்னாரு. அதனாலதானுங்க உலை வெச்சேன்." குறை சொல்லும் குரலாக இல்லை. நடந்ததைச் சொன்னாள். ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவனுக்குத் தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பரீத் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். விரல் நுனிகளெல்லாம் கிழிந்து, துணி சுற்றியிருந்தது. வார்டுக்குள் வர அவருக்கு முகமில்லை.

"சார், நீங்க படிச்சவங்க. கேக்கறேன். நாலு வரிசை வெட்டுனேன். மூணோட நிறுத்தியிருக்கோணுங்களா?"

தேவதாஸ் அந்தத் துணி சுற்றிய விரல்களைப் பார்த்தான்.

"அந்தப் புள்ள எங்க தெருவுல பொறந்து வளந்ததுங்க. என் கையாலயே அதும்மேல சாச்சுப்போட்டேன்." அவர் அழுதார். ஒரு வார்த்தை போதும் அதை நிறுத்த. அந்த வார்த்தை நாக்கின்மேல் வந்து நின்றது. வேலை போகும், பெயர் போகும், ஜெபமணி என்ன நினைப்பாள் என்று வரிசையாக வந்தது. "வீட்டுக்குப் போங்க பாய்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தான். உக்கடம் குளக்கரை வரை வந்தபிறகுதான், தான் நடந்துகொண்டிருப்பதே அவனுக்கு உறைத்தது.

விடிந்ததும் மில்லுக்குப் போனான். அதற்குள் மாட்டு வண்டிகள் வந்து செங்கல்லை அள்ளத் தொடங்கியிருந்தன. நரசிம்மலு நின்று வண்டிக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் அந்த இடத்தில் சிம்னி விழுந்த தடமே இருக்காது. பரீத் அடிக்கட்டையின் பக்கத்தில் நின்று, தான் வெட்டிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தேவதாஸ் பையிலிருந்து டேப்பை எடுத்து, அதன் நுனி வளையத்தை அவரிடம் நீட்டினான்.

"இதைப் புடிங்க பாய். நீங்க வெட்டுனதுல தப்பில்லை. உசரத்தைத் தப்பாச் சொன்னது நான்."

பரீத் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது. அவர் முகத்தில் வந்தது என்னவென்று பார்க்கத் துணிவில்லாமல் தேவதாஸ் திரும்பி நடந்தான். செங்கற்களின்மேல் கால் வழுக்கியது. "ஏனுங்க தேவதாஸ், அங்க என்ன அளவு?" என்று நரசிம்மலு கூப்பிட்டார். அவன் நிற்கவில்லை. கையிலிருந்த தோல் உறைக்குள்ளிருந்து டேப்பு சரசரவென்று உருண்டு வந்துகொண்டே இருந்தது. உடைந்த மதிலுக்கு அருகில் வந்ததும் சட்டென்று இழுத்து நின்றது. டேப்பின் நூறடியும் முடிந்துவிட்டது; சிம்னியின் தலை அதையும் தாண்டிப் போயிருந்தது. மறுமுனையைப் பரீத் இறுகப் பிடித்திருந்தார். சந்துக்கு அப்பால், கூரையில்லாத சமையற்கட்டில், இரும்பு வளையத்தின் அருகே நின்றிருந்த அப்துல் மஜீத் தலைநிமிர்ந்து அவனைப் பார்த்தார்.