வெட்டிய பூட்டு

விடியலில் பேட்டரி அறையைத் திறந்ததும் அமில வாடை மூக்கில் ஏறியது. உப்பிப்போன பழைய பேட்டரிகளை இருவர் இருவராகத் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள். சுவருக்கு அப்பால், ஊர்ப்பட்ட கடைகளின், பள்ளிகளின் இணையதளங்களைத் தாங்கும் சர்வர்கள் குளிர்ந்த கூடத்தில் முனகிக்கொண்டிருந்தன. இங்கே வியர்வை கண்ணைக் கரித்தது.

நேற்று இந்த வேலையில் மச்சானும் இருந்தான். ஃபோர்மேனின் மனைவிக்குத் தம்பி, கட்டடத்துக்கே மச்சான்.

மின்பெட்டிக்குள் கை வைப்பவன் முதலில் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டை மாட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வான். அதை அவனேதான் கழற்ற வேண்டும். மச்சானும் மாட்டியிருந்தான். ஆனால் ஒரு கரண்ட் லைன் நின்றால் இன்னொன்று தாங்கும் என்று சொல்லிச் சொல்லியே முதலாளி தாங்காத அளவுக்குச் சர்வர்களில் இடம் விற்றிருந்தார். மச்சான் ஒன்றை அணைத்ததும் இன்னொரு லைன் சூடேறியது. "உடனே போடுய்யா, கஸ்டமர் கத்துறான்!" என்று முதலாளி ஃபோனில் அலறினார். மச்சான் டீ குடிக்கப் போயிருப்பான் என்று ஃபோர்மேன் நினைத்துக்கொண்டார். ஒரு குரல் கொடுத்துப் பார்க்கவில்லை. கட்டரால் பூட்டை வெட்டிச் சுவிட்சைத் தள்ளினார்.

அலறல் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

நேற்று மாலை ஆஸ்பத்திரியில் அக்காள் தம்பிக்கு ஊட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு இரண்டு கையும் கட்டு. "மாமா, பூட்டைச் சரியா மாட்டலையோ நான்?" என்று கேட்டான். மனைவி திரும்பிப் பார்த்தாள். ஃபோர்மேன் சட்டைப்பையில் கிடந்த வெட்டுப்பட்ட பூட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றார். அந்தச் சோற்றுக் கிண்ணம் காலியாகும்வரை நின்றார்.

வண்டி நிறைந்த நேரத்தில் முதலாளி உள்ளே வந்தார்.

"அந்தப் பையன் பூட்டு போடல. யார் கேட்டாலும் எல்லாரும் அதையே சொல்லுங்க. இனிமே பூட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கரண்ட் ஓட ஓட வேலையப் பாருங்க."

"நீங்க ஒருதடவ கைய விட்டுக் காட்டுங்க சார், நாங்க பாத்துக் கத்துக்கிறோம்" என்றான் ஒல்லி. மின்பெட்டி வேலைக்காரன்.

"வாய் நீளுதா? ஃபோர்மேன், சொல்லுய்யா இவங்களுக்கு."

ஃபோர்மேன் பையிலிருந்து பூட்டை எடுத்து அவர் கையில் வைத்தார்.

"போட்டிருந்தான் சார். நான்தான் வெட்டினேன். நீங்க போடச் சொன்னீங்க, நான் வெட்டினேன். யார் கேட்டாலும் இதத்தான் சொல்வேன்."

"வேலை போயிடும்."

"போகட்டும் சார். நேத்து ராத்திரி வீட்டுல சாப்பிட உக்கார முடியல."

ஒல்லி போய் மச்சான் பூட்டியிருந்த அதே சுவிட்சை அணைத்தான். வரிசையான ஓட்டைகளில் பல பூட்டுகள் கோக்கும் கொக்கியை அதில் மாட்டித் தன் பூட்டைப் போட்டான். கைகளைத் துடைத்துக்கொண்டு அடுத்தவன் வந்தான். பிறகு இன்னொருவன். ஒவ்வொரு சாவியும் ஒவ்வொரு பைக்குள் போனது. லைன்மேல் ஏற்றிய சுமையைக் குறைக்கும்வரை, மச்சானைப் பற்றி உண்மை எழுதும்வரை எவனும் கழற்றப்போவதில்லை என்று ஒல்லி சொன்னான். முதலாளியின் ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

ஃபோர்மேன் கொக்கியை நெருங்கவில்லை. தன் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தள்ளியே நின்றார்.

ஒல்லி அவர் பக்கம் கையை நீட்டினான்.

"கடைசி ஓட்டை உங்களுக்குத்தாண்ணே. வந்து மாட்டுங்க," என்றான். "கட்டரை மட்டும் இப்படிக் குடுத்துடுங்க."