லிட்டருக்கு இருபத்துநாலு

என் வீட்டுக்காரரைத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மைலேஜ் என்றுதான் சொல்வார்கள். மைலேஜ் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். எங்களிடம் இருப்பது ஒரு பழைய குட்டிக் கார். பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் முன்சீட்டில் இடிக்கும். டிக்கியில் இரண்டு பை வைத்தால் மூன்றாவது பை மடியில்தான். ஆனால் அது லிட்டருக்கு இருபத்துநாலு கிலோமீட்டர் கொடுக்கிறது என்பதை இவர் கேட்டவர்களிடமும் சொல்வார், கேட்காதவர்களிடமும் சொல்வார். பெயிண்ட் கடையில் ஸ்டாக் பார்க்கிற மனுஷன், பெயிண்டைப் பற்றிப் பேசியதைவிட டயர் காற்றைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

அவருடைய கணக்கு எளிதானது. டேங்க் வழிய பெட்ரோல் போட்டு டிரிப் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவார். அடுத்த முறை நிரப்பும்போது, ஓடிய தூரத்தைப் பிடித்த லிட்டரால் வகுப்பார். கம்பெனிக்காரன் சொல்வதை நம்பாதே, உன் கால் சொல்வதை நம்பு என்பது அவர் எல்லோருக்கும் இலவசமாக வழங்கும் உபதேசம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டன. வாரம் மூன்று முறை பக்கத்து ஊருக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். இவர் பஸ்ஸில் கடைக்குப் போய்விடுவார். வண்டி எனக்காக வீட்டில் நிற்கும். ஓட்டிக்கொண்டு போவது மாமா, இவருடைய அப்பா. தண்ணீர் வாரியத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவர்.

முதல் மாதமே மைலேஜ் பதினைந்துக்கு விழுந்தது. "ஏசியைப் போட்டுக்கிட்டே நிக்கிறீங்களாப்பா?" என்று இவர் சாப்பிடும்போது கேட்டார். கோபம்கூட இல்லை, வருத்தம்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வேலையை விட்டு, மருந்துக்கும் மாத்திரைக்கும் வீட்டுக் காசைக் காலி செய்துகொண்டிருந்தவள் நான். அடுத்த முறை ஏசி வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டேன். டயாலிசிஸ் முடிந்து வரும்போது உடம்பு பிழிந்துபோட்ட துணி மாதிரி இருக்கும். அந்த வெயிலில் பாதி வழியிலேயே மயங்கி மாமாவின் தோளில் சாய்ந்துவிட்டேன்.

அதன்பிறகு மாமா என் பேச்சைக் கேட்டதே இல்லை. நான் ஏறும் முன்பே வண்டி உள்ளே குளிர்ந்திருக்கும். அதிசயம் என்னவென்றால், மைலேஜும் ஏறியது. பதினெட்டு, இருபத்தொன்று, கடைசியில் இருபத்துநாலு. "பாத்தியாம்மா, ஏசி போட்டாலும் இது குடிக்கறதில்ல" என்பார் மாமா. இவரோ, எல்லாம் டயர் காற்றைச் சரியாக வைத்ததால்தான் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தார். எனக்கு எது காரணமானால் என்ன? குற்ற உணர்ச்சி இல்லாமல் குளிரில் தூங்கிக்கொண்டு வந்தேன்.

மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பெயர் பதிந்து வைத்திருந்த நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது இவருக்கு வார விடுமுறை. மூன்று பேரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

"உங்களுக்குப் பொருந்துற கிட்னி ஒண்ணு கிடைச்சிருக்கு" என்றார் அந்தப் பெண். "நாலு மணிக்குள்ள வந்து டெஸ்டுக்கு ரத்தம் குடுக்கணும். அதுக்கு மேல எங்களால காத்திருக்க முடியாது. அடுத்து இருக்கறவங்களையும் வரச் சொல்லியிருக்கோம்."

எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பெரிய நகரம் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, நூறு கிலோமீட்டர். மணி ஒன்றரை தாண்டியிருந்தது. எப்போதோ கட்டி வைத்த ஆஸ்பத்திரிப் பையை மாமா டிக்கியில் போட்டார். நான் முன்னால் ஏறினேன், மாமா பின்னால் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். இவர் சாவியைத் திருகியதும் ஏசியைப் போட்டு, காற்றை என் பக்கம் திருப்பினார்.

பெட்ரோல் முள் சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. ஊர் எல்லையில் இருக்கும் பங்க்கில் டேங்கர் லாரியிலிருந்து பெட்ரோல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே கயிறு கட்டியிருந்தது. அரை மணி நேரம் ஆகும் என்று பங்க் ஆள் கையை ஆட்டினார்.

"நின்னு போட்டுட்டே போயிடலாம்டா" என்றார் மாமா.

"அரை மணி நேரத்துல பாதி மலை ஏறிடலாம்ப்பா. டேங்க்ல ஆறு லிட்டர் இருக்கு. ஆறு இருபத்துநாலு நூத்தி நாப்பத்துநாலு. தாராளமா போகும்."

மாமா வாய்க்குள்ளேயே எதையோ மென்று விழுங்கியது மாதிரி இருந்தது.

மலைக்கு முன்னால் இன்னொரு பங்க் உண்டு. அது சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் சுவர், திரும்பி வர நெடுந்தூரம் போக வேண்டும். "அங்க திருப்பு" என்றார் மாமா. இவர் முடியாது என்று தலையை அசைத்தார். "எனக்கு ஒண்ணுக்கு வருது" என்றார் மாமா. எழுபது வயதுக்காரர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி சாக்குச் சொல்வதைக் கேட்டு எனக்கு அந்தப் பதற்றத்திலும் சிரிப்பு வந்தது.

"கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா. ஒவ்வொரு நிமிஷமும் இவளுக்கு முக்கியம்."

ஏற்றம் தொடங்கியது. இவர் இரண்டாவது கியருக்கும் மூன்றாவதுக்கும் மாறி மாறிப் போனார். முன்னால் ஊர்ந்த லாரிகளைத் திருப்பங்களில் தாண்டினார். என் கண் கடிகாரத்திலேயே இருந்தது. மாமாவின் கண் வேறு எங்கோ இருந்திருக்கிறது. இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, எங்கள் காதோரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். பாதி மலையில் முள்ளுக்குப் பக்கத்தில் மஞ்சள் விளக்கு எரிந்தது.

"ஏசியை அணைடா."

"நீங்கதானேப்பா சொன்னீங்க, போட்டாலும் குடிக்காதுன்னு."

"அணைன்னா அணை."

நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டு வருடத்தில் அந்த வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை. அடைமழையில்கூட எனக்காக ஏசி போட்டவர். முகத்தில் ஈயாடவில்லை.

"மாமா, நிஜமா இது எவ்வளவு கொடுக்குது?"

"பதினஞ்சும்மா" என்றார். "ஏத்தத்துல பத்து வந்தா பெருசு."

"என்னப்பா உளர்றீங்க? ரெண்டு வருஷமா நான் கணக்குப் போட்டுக்கிட்டு வரேன்."

"உன் கணக்கு சரிதான். நீ போட்ட பெட்ரோலை எண்ணினே. நான் போட்டதை எண்ணல."

மாமாதான் மேலே சொன்னார், அதுவும் என்னைப் பார்த்து அல்ல, தன் கையைப் பார்த்து.

"திரும்பி வர்றப்போ இவ தூங்கிட்டிருப்பா. வழியில மூணு லிட்டர், நாலு லிட்டர்னு ஊத்திடுவேன். ஏசி போட்டா உன் முகம் சுருங்குது. போடலைன்னா இவ சுருண்டு விழுறா. நான் என்னடா பண்றது?"

"அதை அந்தப் பங்க்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமேப்பா."

"இவ எதிர்ல எப்படிடா சொல்றது? வாய் வரல."

எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. என் தூக்கத்துக்காக ஊற்றிய பெட்ரோல் இப்போது என்னை நடு மலையில் நிறுத்தப்போகிறது. இவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. கையை நீட்டி ஏசியை அணைத்தார். கன்னம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிகளை இறக்கினோம். அனல் உள்ளே வந்தது. எனக்கு ஒரு நாளைக்கு அளந்த தண்ணீர்தான், அன்றைய பங்கில் பாதியைக் காலையிலேயே குடித்திருந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"நிறுத்து" என்றார் மாமா. "நான் இறங்கிக்கறேன்."

"சும்மா இருங்கப்பா."

"எழுபத்தஞ்சு கிலோடா நான். உச்சி வரைக்கும் ஏறிட்டா அப்புறம் இறக்கம்தான், வண்டி தானா போகும். நான் வர்ற பைக் எதையாவது நிறுத்தி, பெட்ரோல் கேட்டு வாங்கிட்டுப் பின்னாடியே வரேன். நீங்க எங்க நின்னாலும் நான் பிடிச்சிடுவேன்."

இவர் நிறுத்தினார். மாமா இறங்கி, டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயரையும் ஜாக்கியையும் இழுத்துச் சாலையோரம் போட்டார். ஆஸ்பத்திரிப் பையை மட்டும் விட்டுவைத்தார். என் ஜன்னலருகே வந்து, என் தண்ணீர் பாட்டிலை என் மடியில் வைத்துவிட்டு, காலியாக உருண்டுகொண்டிருந்த இரண்டு பெரிய பாட்டில்களைப் பின்சீட்டின் அடியிலிருந்து எடுத்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன். "போம்மா, போ" என்று உதறிவிட்டார். திருப்பத்தில் கடைசியாகப் பார்த்தபோது, டயர்மேல் ஏறி நின்று கீழிருந்து வரும் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் இவர் ஓட்டியதுதான் ஓட்டு. ஆக்சிலேட்டரில் முட்டை இருப்பது போலக் கால் வைத்தார். லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே காதைக் கிழித்தார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் எஞ்சின் இருமும்போது என் நெஞ்சும் சேர்ந்து நின்றது. உச்சியில் இருந்த கோபுர விளக்கைத் தாண்டியபோது இவர் உரக்க மூச்சு விட்டார். இறக்கம் முழுக்கக் காலை எடுத்துவிட்டு, கியரிலேயே வண்டியை விட்டார். எதிர்க்காற்றில் என் கண்ணீர் காதுப் பக்கமாக ஓடியது.

சமவெளியில், நகரத்துக்குப் பத்து கிலோமீட்டர் இருக்கும்போது எஞ்சின் அணைந்தது. இரண்டு பக்கமும் மூடிக்கிடந்த கிடங்குகள். நிழலுக்கு ஒரு மரம்கூட இல்லை. இவர் இறங்கி வண்டியைத் தள்ளினார். பிறகு அதை விட்டுவிட்டு நடுச் சாலையில் நின்று கையைக் காட்டினார். கார்கள் சுற்றிக்கொண்டு போயின. மணி மூன்று இருபது.

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன்.

"எங்க இருக்கீங்க? அடுத்தவங்க வந்து உக்காந்திருக்காங்கம்மா" என்றார் அந்தப் பெண். "நாலு மணிதான். எனக்கு வேற வழியில்ல."

அந்த இன்னொருவர் நான் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருப்பார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் வேண்டியிருப்பேன். ஆனால் எனக்கும் வாழ ஆசையாக இருந்தது, அவ்வளவு ஆசை இருப்பது அந்தக் கொதிக்கிற சீட்டில்தான் தெரிந்தது.

மூன்றரைக்கு ஒரு பைக் சத்தம் கேட்டது. ஓட்டி வந்தது முன்பின் தெரியாத ஒரு கூரியர்காரர். பின்னால் மாமா, இரண்டு அக்குளிலும் இரண்டு பாட்டில்களை இடுக்கிக்கொண்டு, சட்டையெல்லாம் பெட்ரோல் நாற்றத்தோடு.

"பைக் டியூபைப் பிடுங்கிப் பெட்ரோல் பிடிச்சுக் குடுத்தாரு" என்று மட்டும் சொன்னார் மாமா. செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி டேங்க் வாயில் செருகி ஊற்ற ஆரம்பித்தார். இத்தனை நாள் நான் தூங்கும்போது ஊற்றியதை, முதல் முறையாக மகன் பார்க்க ஊற்றினார். இவர் பக்கத்தில் நின்று கூம்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டு கீழே விழவில்லை.

"எவ்வளவுப்பா?"

"ரெண்டரை இருக்கும்."

"எண்ணிக்கிட்டேன்" என்றார் இவர்.

நாலு தடவை திருகிய பிறகு எஞ்சின் பிடித்தது. மாமா பின்னால் ஏறி முழங்காலை மடக்கினார். வண்டி நகர்ந்ததும் இவர் கையை நீட்டி ஏசியைப் போட்டு, கடைசி வரை திருப்பி வைத்தார்.

"வேணாம்டா, போய்ச் சேருவோம் முதல்ல."

"பத்து கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் போதும். உங்க கணக்குதான்ப்பா."

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியோடு நின்றிருந்த பெண் என்னைப் பார்த்ததும் போனை எடுத்து "வந்துட்டாங்க" என்றார். மணி நாலாக ஐந்து நிமிடம் இருந்தது. காத்திருக்கும் கூடத்தில் என் வயதிலேயே ஒருத்தி, காலடியில் என்னுடையதைப் போலவே ஒரு பையோடு உட்கார்ந்திருந்தாள். என் கையில் இருந்த ஊசித் தழும்பைப் பார்த்தாள். மெதுவாக எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். அந்த முகம் எனக்கு இன்றும் மறக்கவில்லை, மறக்கவும் கூடாது.

ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் பார்க்க வந்தார். உடம்பைப் பற்றி விசாரித்து முடித்தபின் பேச்சு வழக்கம்போல வண்டிக்குத் திரும்பியது.

"என்ன மைலேஜ், வண்டி இன்னும் இருபத்துநாலு குடுக்குதா?"

மாமா அவசரமாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இவர் என் தலையணையைச் சரி செய்துவிட்டு நிமிர்ந்தார்.

"பதினஞ்சு" என்றார். "எங்க வண்டியில ஏசியை அணைக்கறதில்ல."